கேட்டு வந்தவர் 210, கையோடு போனவர் 102

வருஷக் கடைசியில் ஒரு நாள் எங்கள் கல்லூரி நூலகத்தின் கேட் ரிஜிஸ்டரைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் 'நாக்' குழுவுக்குக் கொடுக்கும் சுயமதிப்பீட்டு அறிக்கையில் அப்போது 4.2.4 என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மாணவர்களும் ஆசிரியர்களும் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள், அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று அதில் எழுத வேண்டியிருந்தது. வாசலில் விழுந்த கையெழுத்தையும் மின்னிதழ்களுக்கான லாகினையும் கூட்டி வகுத்தால் எண் வந்துவிடும். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவி ஒருத்தி கவுன்டருக்கு வந்தாள். "மேடம், சிஸ்டத்துல அவைலபிள்னு காட்டுது, ரேக்குல இல்லயே."

கூடப் போய்த் தேடினேன். காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம், ஆறு பிரதி வைத்திருக்கிறோம், ஐந்து வெளியே, ஒன்று உள்ளே இருப்பதாக எங்கள் நூலக மென்பொருள் கோஹா சொல்கிறது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, ரேக்கின் பின்பக்கம், பக்கத்து ரேக் என்று இருபது நிமிஷம் போயிற்று. "பரவால்ல மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போகும்போது மறக்காமல் ரிஜிஸ்டரில் போன நேரத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நான் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கூட்டினேன். அந்தக் கூட்டலில் அவளும் ஒரு 'பயன்பாடு'.

அதற்கப்புறம் அந்த எண்ணை நிம்மதியாக எழுத முடியவில்லை. எங்கள் வாசிப்பு அறையில் எட்டு ஃபேன் ஓடுகிறது, சுவரோரம் போன் சார்ஜ் போட ஆறு பாயின்ட் இருக்கிறது. ஏப்ரல் மாதம் வருகை எகிறுவதற்கு எது காரணம் என்று எனக்கே தெரியும். (உட்காரட்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. நிழலும் நாற்காலியும் நூலகம் கொடுக்க வேண்டியவைதான். ஆனால் அதைப் புத்தகக் கணக்கில் எழுதக் கூடாது.) எனவே ஒரு செமஸ்டரில் வேறொரு கேள்வியை வைத்து அளந்து பார்க்க முடிவு செய்தேன்: குறிப்பிட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்று உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்தார்கள்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-ல் ஐந்து விதிகளை எழுதி வைத்தார். வருஷா வருஷம் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், விதிகளை ஃபிளெக்ஸில் அடித்து வைக்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பவை அவற்றில் நடுவில் வரும் மூன்று. இந்த மூன்றையும் எண்ணிப் பார்க்கலாம், ஒரு பென்சிலும் கொஞ்சம் பேப்பரும் போதும் என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

எண்ணும் முறையைப் பால் கான்டர் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் அவர் இதைச் செய்து பார்த்தார். ஒரு மாணவருக்குப் புத்தகம் கிடைக்காமல் போவதற்கு வரிசையாக நான்கு இடங்கள் இருக்கின்றன. நாம் அதை வாங்கவே இல்லை. வாங்கினோம், ஆனால் வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடத்தில் இருக்கிறது, ஆனால் வந்தவர் கண்ணில் படவில்லை. முதலாவது கொள்முதலின் தவறு, இரண்டாவது பிரதி எண்ணிக்கையும் கடன் நாட்களும் செய்கிற வேலை, மூன்றாவது எங்கள் தவறு, நான்காவதை வாசகர் தலையில் கட்டுவது வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் தப்பித்து வந்தவர்களின் பங்கை எடுத்து நான்கையும் பெருக்கினால் கடைசி விடை கிடைக்கும். நூலகச் செயல்திறன் அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 11620 என்ற தரநிலையிலும், கேட்ட நூல் கிடைக்கும் விகிதம் ஓர் அளவுகோலாக இருக்கிறது. ஆகையால் கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐக்யூஏசியின் கூட்டத்தில் யாராவது 'இது என்ன புதுசா' என்று கேட்டால் சொல்லப் பதிலும் கையில் இருந்தது.

முதல் முயற்சி சொதப்பல். ஏ4 தாளை நான்காகக் கிழித்து, 'நீங்கள் தேடிய புத்தகம் கிடைத்ததா? ஆம் / இல்லை' என்று அச்சடித்து வாசலில் ஒரு பெட்டியோடு வைத்தோம். மூன்று நாளில் எழுபது சீட்டு சேர்ந்தது, அறுபத்துச் சொச்சம் 'ஆம்'. எனக்கே வெட்கமாக இருந்தது. விசாரித்தால், பாதிப் பேர் தினத்தந்தியும் இந்துவும் படிக்க வந்தவர்கள், பேப்பர் கிடைத்தது, ஆம் என்று டிக் அடித்திருக்கிறார்கள். மீதிப் பேர், மேடம் கண்முன்னால் 'இல்லை' போட்டால் நன்றாக இருக்குமா என்று நினைத்தவர்கள். ஒரு பையன் சீட்டின் பின்னால் 'நூலகம் மிகச் சிறப்பு' என்று எழுதி இதயம் வரைந்திருந்தான். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது சீட்டில் திருப்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'இன்று குறிப்பாக ஒரு புத்தகத்தைத் தேடி வந்தீர்களா? அதன் பெயர் அல்லது ஆசிரியர்? கையில் எடுத்தீர்களா?' அவ்வளவுதான். பெயரை எழுதச் சொன்னதுதான் முக்கியம், ஏனென்றால் பெயர் இருந்தால்தான் நாம் பின்னால் போய்ச் சரிபார்க்க முடியும். உள்ளே வரும்போது கொடுக்காமல் வெளியே போகும்போது கொடுத்தோம். வரும்போது கொடுத்தால் எங்கள் உதவியாளர் அக்கா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தானே ஓடிப் போய் எடுத்துக் கொடுத்துவிடுகிறார், அவர் குணம் அப்படி. அளக்கிற வாரத்தில் மட்டும் நூலகம் பிரமாதமாக நடந்தால் அந்த அளவு எதற்கு? அப்புறம் வாரத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுத்தோம். இன்டர்னல் தேர்வுக்கு முந்தின வாரம் வேண்டாம், விடுமுறை முடிந்த முதல் வாரமும் வேண்டாம். செமஸ்டரின் ஆறாவது, ஏழாவது வாரங்கள், காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் இரண்டிலும் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம்.

வேலை சீட்டு வாங்குவதோடு முடியவில்லை. 'இல்லை' என்று வந்த ஒவ்வொரு சீட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் நானோ அக்காவோ எடுத்துக்கொண்டு போய், அந்தப் புத்தகம் கோஹாவில் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா, ரேக்கில் இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டின் மூலையில் ஒரு எண் போட வேண்டும். மறுநாள் பார்த்தால் அர்த்தமே இல்லை, ஏனென்றால் அதற்குள் புத்தகம் திரும்பி வந்திருக்கும், அல்லது போயிருக்கும். இந்த ஒரு மணி நேர விதியைக் கடைப்பிடிப்பதுதான் மொத்தத் திட்டத்திலும் கஷ்டமான பகுதி. யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்தில் 262 சீட்டு. அதில் 52 பேர் குறிப்பிட்ட புத்தகம் தேடி வராதவர்கள். மிச்சம் 210. இந்த 210-ல் எங்களிடம் இல்லவே இல்லாத புத்தகத்தைக் கேட்டவர்கள் 18 பேர். 192 ஆயிற்று. எல்லாப் பிரதியும் வெளியே போயிருந்தது 44 பேருக்கு. 148. சிஸ்டம் 'அவைலபிள்' என்று சொல்லியும் இடத்தில் இல்லாமல் போனது 29. 119. இடத்தில் ஒழுங்காக இருந்தும் தேடியவர் கண்டுபிடிக்காதது 17. ஆக, கேட்டு வந்த 210 பேரில் புத்தகத்தோடு போனவர்கள் 102 பேர். 48.6 சதவீதம். பாதிக்கும் கீழே.

தனித்தனியாகப் பாருங்கள்: 91, 77, 80, 86. எந்த எண்ணும் அசிங்கமாக இல்லை. ஒரு மாணவர் இந்த மதிப்பெண்களை வாங்கினால் முதல் வகுப்பு என்று சொல்லிக் கைகுலுக்குவோம். நான்கையும் பெருக்கினால் பாதி காணாமல் போகிறது. எங்கேயும் பெரிய ஓட்டை இல்லாமலே தொட்டி பாதி காலியாகும் என்பதை அன்றைக்குத்தான் எண்ணில் பார்த்தேன்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த 29. வாங்கிய புத்தகம், யாரும் எடுக்காத புத்தகம், கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற புத்தகம், ஆனால் இல்லை. ஒவ்வொன்றாகத் துரத்தினோம். ஒன்பது புத்தகம் இஷ்யூ கவுன்டருக்குப் பக்கத்திலேயே இருந்தன. திரும்பி வந்ததும் ஸ்கேன் பண்ணிவிடுகிறோம், சிஸ்டத்தில் உடனே 'அவைலபிள்' ஆகிவிடுகிறது, ஆனால் புத்தகம் தள்ளுவண்டியிலும், வண்டி நிறைந்தால் கவுன்டருக்குக் கீழே தரையிலும் இரண்டு நாள், சில சமயம் திங்கட்கிழமை வரை கிடக்கும். நாலு புத்தகம் பைண்டிங்குக்குக் கட்டி வைத்த கட்டுக்குள். கட்டினோமே தவிர கோஹாவில் நிலையை மாற்றவில்லை. மூன்று, ஒரு துறைத் தலைவரின் மேஜையில், எந்தப் பதிவும் இல்லாமல். 'அட்டெண்டரை அனுப்பி எடுத்துக்கிட்டேன், நாளைக்கே தந்துடுவேன்' வகை. இரண்டு, வாசிப்பு மேஜையில் செய்தித்தாளுக்கு அடியில். ஏழு, தவறான இடத்தில்.

அந்த ஏழு சுவாரசியமானவை. நான்கு நாங்கள் செய்த தவறு: புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் டியூயி எண்ணில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதற்கு மேல் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் கதை. 894.8111, 894.8113. நாலு மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில், பழுப்பேறிய லேபிளில் கடைசி இலக்கத்தை யார் பார்க்கிறார்கள்? நாவல்கள் கவிதைக்குள் போய் உட்கார்ந்திருந்தன. மற்ற மூன்றும் மாணவர்கள் வேண்டுமென்றே ஒளித்து வைத்தவை. இயற்பியல் புத்தகம் ஒன்று 200-ல், மத நூல்கள் வரிசையில், கீழ்த் தட்டில் படுக்கை வாட்டில் இருந்தது. கார்டுக்கு இரண்டு புத்தகம்தான் கொடுப்போம், மூன்றாவது வேண்டுமானால் இப்படி ஒளித்துவிட்டுப் போய் மறுநாள் வந்து எடுப்பது பழைய வித்தை. நான் படித்த காலத்தில் நானும் செய்திருக்கிறேன், அதனால் எங்கே ஒளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: யாரும் போகாத ரேக். மீதி நாலு புத்தகம் கிடைக்கவே இல்லை. பி.காம். மாணவி கேட்ட காஸ்ட் அக்கவுன்டிங் அந்த நாலுக்கு முந்தின காலத்தது, அதுவும் இன்றுவரை வரவில்லை.

அடுத்தது 17. 'பசங்களுக்குத் தேடத் தெரியல' என்று சொல்லித் தள்ளிவிடலாம், பல வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கேட்டுப் பார்த்தேன். பிபிஏ மாணவன் ஒருவன் சொன்னதில் எனக்கு ஒரு விளக்கு எரிந்தது. நிதி மேலாண்மை 658.15, பணியாளர் மேலாண்மை 658.3. அவன் 658.3-ஐப் பார்த்துவிட்டு, 15 இதற்கு அப்புறம்தானே வரும் என்று வலது பக்கமே போய்க்கொண்டிருந்திருக்கிறான், அடுத்த ரேக் முடியும் வரை. மூன்றை விடப் பதினைந்து பெரியது. புள்ளிக்கு அப்புறம் அப்படிப் படிக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, முதலாமாண்டு நூலக அறிமுக வகுப்பில் நான் ரங்கநாதனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேனே ஒழிய இதைச் சொல்லவில்லை. பதினேழில் ஆறு பேர் இந்தத் தசமப் புள்ளியில் விழுந்தவர்கள். மற்றவர்களுக்கு லேபிள் மங்கியிருந்தது, அல்லது புத்தகம் தரையோடு ஒட்டிய தட்டில் இருந்தது, ரேக்குகளுக்கு நடுவே ட்யூப்லைட் எரியவில்லை.

இதெல்லாம் முதல் பாதி, வாசகருக்குப் புத்தகம் கிடைக்கிறதா என்பது. மறுபாதி, புத்தகத்துக்கு வாசகர் கிடைக்கிறாரா என்பது. இதற்கு, நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் போட்டுப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரிலிருந்து குலுக்கல் முறையில் 400 எண்கள் எடுத்தோம். மொத்தம் 41,000 சொச்சம் எண்கள், எக்செல்லில் ஒரு ஃபார்முலா போட்டால் 400 எண் வந்து விழும், கழித்துக்கட்டிய புத்தகமோ ரெஃபரன்ஸோ வந்தால் வேறு எண். நானூறு போதுமா என்று கணிதத் துறை நண்பரிடம் கேட்டேன். நூற்றுக்கு ஐந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகும், அது பரவாயில்லை என்றால் நானூறு போதும், மொத்தம் நாற்பதாயிரமா நாலு லட்சமா என்பது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை என்றார். எனக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருந்தது, ஒரு குண்டான் சோற்றுக்கு ஒரு சோறு என்றார், சரி.

400-ல் 18 புத்தகம் எங்கேயும் இல்லை. நாலரை சதவீதம். மொத்தத்துக்கு விரித்தால் 1,800-ஐத் தாண்டுகிறது. இந்த எண்ணை எழுதும்போது கை நடுங்கியது என்றால் நம்புங்கள். நம் ஊர் நூலகர்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்றாலே பயம், ஏனென்றால் காணாமல் போன புத்தகம் நூலகர் தலையில் விடியும், ஓய்வு பெறும் நாளில் 'நோ டியூஸ்' கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும் என்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கதை சொல்வார்கள். பயந்துபோன நூலகர் என்ன செய்வார்? திறந்திருந்த ரேக்கைப் பூட்டுவார், நல்ல புத்தகத்தை அலமாரிக்குள் வைப்பார். இழப்பு குறையும், பயன்பாடும் குறையும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் நம்மை விட நியாயமாகவே இருக்கின்றன: ஒரு வருஷத்தில் வெளியே கொடுத்த, எடுத்துப் பார்த்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. இருபதாயிரம் வரை புத்தகம் இருந்தால் வருஷா வருஷம் முழுச் சரிபார்ப்பு, இருபதிலிருந்து ஐம்பதாயிரம் வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். எங்கள் கல்லூரியை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் முதல்வர் முன்னால் நீட்ட ஒரு காகிதம் வேண்டுமே. எங்கள் 1,800 என்பது முப்பது நாற்பது வருஷம் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கிடைத்த 382-ல் ஒருமுறைகூட வீட்டுக்குப் போகாதவை 141. பழைய டேட் ஸ்லிப்பில் முத்திரையும் இல்லை, கோஹாவில் இஷ்யூ எண்ணிக்கையும் பூஜ்யம். 37 சதவீதம். இந்த மாதிரி எண்ணுக்கு ஒரு பிரபலமான அண்ணன் உண்டு: பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-ல் வாங்கிய புத்தகங்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அடுத்த ஆறேழு வருஷத்தில் ஒருமுறைகூடக் கடனாகப் போகவில்லை என்று 1979-ல் ஓர் ஆய்வு வந்து பெரிய சண்டையே நடந்தது. அங்கேயே உட்கார்ந்து படித்ததைச் சரியாகக் கணக்கிடவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. அதே குற்றச்சாட்டு எனக்கும் வரும் என்று, 'படித்த புத்தகத்தை ரேக்கில் வைக்காதீர்கள், மேஜையிலேயே விட்டுவிடுங்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டு, நாளைக்கு மூன்று தடவை மேஜைகளில் கிடந்ததையெல்லாம் ஸ்கேன் பண்ணினோம். கோஹாவில் இதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது, கடனாகப் போகாத புத்தகத்தை ரிட்டர்ன் பண்ணினால் உள்பயன்பாடு என்று குறித்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் அந்த 141-ல் இரண்டு புத்தகம் மேஜையில் தட்டுப்பட்டன.

அந்த 141-ஐ வரிசையாகத் தரையில் அடுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் துக்கமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. ஃபாக்ஸ்ப்ரோ, கோபால் (COBOL), லோட்டஸ் 1-2-3 என்று பழைய கணினிப் புத்தகங்கள். யாரோ ஓய்வு பெற்றபோது நன்கொடையாகத் தந்த கட்டு. ஒரே தலைப்பில் பத்துப் பிரதி வாங்கி, சிலபஸ் மாறியதும் உறைந்துபோன கைடுகள். அப்புறம் அடுத்தடுத்த அக்சஷன் எண்களில் வரிசையாக நிற்கும் ஒரு கூட்டம். ரிஜிஸ்டரில் தேதியைப் பார்த்தால் மார்ச் 27, 28, 29. நிதியாண்டு முடிவதற்குள் மானியத்தைச் செலவழிக்க, வண்டியில் வந்ததை அப்படியே இறக்கிய புத்தகங்கள். ஆனால் அதே 141-ல் பழைய உரைகளோடு கூடிய சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றும் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை என்பதற்காகக் கழித்துக்கட்ட நான் தயாரில்லை. எண் எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதைத் தமிழ்த் துறையோடு உட்கார்ந்துதான் தீர்மானிக்க முடியும்.

சரி, ரிப்பேர் வேலைக்கு வருகிறேன். திரும்பி வந்த புத்தகங்களைக் காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் கட்டாயம் அடுக்குவது, அதுவரை அவை தரையில் கிடக்காமல் 'இன்று திரும்பியவை' என்று பெயர் எழுதிய ஒரு திறந்த ரேக்கில், கவுன்டருக்கு எதிரிலேயே நிற்பது. இது உடனே பிடித்துக்கொண்டது, பசங்கள் முதலில் அந்த ரேக்கைத்தான் மேய்கிறார்கள், பாதிப் புத்தகம் உள்ளே போகாமலே மறுபடி இஷ்யூ ஆகிறது. தினமும் திறந்தவுடன் அரை மணி நேரம், ஆளுக்கு ஒரு ரேக், எண் வரிசை சரியா என்று விரலால் தடவிப் பார்ப்பது. அட்டெண்டர் அண்ணனுக்கு முதலில் பிடிக்கவில்லை, 'நான் என்ன படிச்சவனா மேடம்' என்றார். ஒரு வாரத்தில் எங்களையெல்லாம் விட அவருக்குத்தான் கண் பழகிவிட்டது, இப்போது 894.8113-ஐக் கவிதை ரேக்கில் யார் வைத்தது என்று என்னையே கேட்கிறார். பைண்டிங் கட்டு கட்டும் முன் ஸ்கேன். ரேக்கின் ஓரத்தில் '658.15 முதலில், 658.3 பிறகு, புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கவும்' என்று கொட்டை எழுத்தில் அட்டை. மங்கிய லேபிள்களை முழுக்க மாற்ற ஆள் இல்லை, அதிகம் கேட்கப்படும் ஐந்து ரேக்கை மட்டும் என்.எஸ்.எஸ். மாணவர்கள் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து ஒட்டித் தந்தார்கள். செலவு லேபிள் ரோலும் டேப்பும் நாலு ட்யூப்லைட்டும், முதல்வரிடம் போகாமல் சில்லறைச் செலவுக் கணக்கிலேயே முடிந்தது.

கடன் நாட்களைத் தொட்டதுதான் வம்பானது. அந்த 44 கோரிக்கைகளையும் தலைப்பு வாரியாகப் பிரித்தால் வெறும் 16 புத்தகங்கள். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1960-களின் கடைசியில் மைக்கேல் பக்லாண்டும் கூட இருந்தவர்களும் கணக்குப் போட்டு, அதிகம் கேட்கப்படும் புத்தகத்தின் கடன் காலத்தைக் குறைத்தால் பணம் செலவழிக்காமலே கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று காட்டி அதை நடைமுறைப்படுத்தியும் பார்த்தார்கள். நானும் அந்த 16 தலைப்புக்கும் 14 நாளை 7 ஆக்கினேன். இரண்டாவது வாரமே அபராதம் எகிறியது, மூன்றாவது வாரம் மாணவர்கள் முதல்வரிடம் போனார்கள். தவறு என்னுடையதுதான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரு நாள் பஸ் தவறினால் கல்லூரிக்கு வர மாட்டார்கள், ஏழு நாள் என்பது அவர்களுக்கு நிஜத்தில் ஐந்து நாள். 10 நாளாக்கி, அந்த 16-க்கும் தலா ஒரு பிரதியை வெளியே போகாத ரெஃபரன்ஸ் பிரதியாகப் பிடித்து வைத்தேன். ஆசிரியர்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கக் கடன் என்ற பழைய விதியில் இந்த 16-ஐ மட்டும் விலக்கு என்று எழுதினேன், அதைக் கமிட்டியில் பாதி நேரம் விவாதித்தார்கள்.

அடுத்த செமஸ்டர் அதே ஆறாவது, ஏழாவது வாரம், அதே சீட்டு, அதே நேரங்கள். குறிப்பிட்ட புத்தகம் கேட்டு வந்தவர்கள் 224. எங்களிடம் இல்லாதது 14. வெளியே போயிருந்தது 38. இடத்தில் இல்லாதது 12. கண்டுபிடிக்க முடியாதது 14. கையோடு போனவர்கள் 146. 65 சதவீதம். 48.6-க்கும் 65-க்கும் உள்ள இடைவெளி இந்தச் சிறு எண்ணிக்கையில் தற்செயலாக வருமா என்று மறுபடி அதே கணித நண்பரைத் தொந்தரவு செய்தேன், பத்துக்குக் கீழே இருந்தால் நான் பேச மாட்டேன், பதினாறு புள்ளி என்றால் பேசலாம் என்றார்.

எங்கே ஏறியது என்று பாருங்கள்: இடத்தில் இருப்பது 80-லிருந்து 93. வெளியே போகாமல் இருப்பது 77-லிருந்து 82 மட்டுமே, அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. துடைப்பத்தாலும் ஸ்கேனராலும் செய்ய முடிந்ததைச் செய்தாயிற்று, இனி பிரதி வாங்கப் பணம் வேண்டும். புத்தக நிதியை எல்லாத் துறைக்கும் சமமாகப் பங்கு போடுவது எங்கள் கல்லூரி வழக்கம். அதுதான் நியாயம் மாதிரியும் தெரியும், சண்டையும் வராது. இந்த வருஷம் நான் கொண்டுபோன திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து, சீட்டுகளில் மூன்று தடவைக்கு மேல் 'வெளியே' என்று வந்த தலைப்புகளுக்குக் கூடுதல் பிரதி, மிச்சத்தைத்தான் துறைகளுக்குப் பங்கு. எதிர்பார்த்தபடி வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் நிறையப் போகிறது, எதிர்பார்த்தபடி வரலாற்றுத் துறை கோபித்துக்கொண்டது. அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: வரலாற்று மாணவர்கள் குறிப்பிட்ட புத்தகம் என்று கேட்டு வருவதில்லை, ரேக் முன்னால் நின்று புரட்டி எடுக்கிறார்கள், என் சீட்டு அவர்களைப் பார்ப்பதே இல்லை. அந்த 52 சீட்டை நான் ஒதுக்கிவைத்தேனே, அதற்குள் அவர்கள் இருக்கிறார்கள். இதற்கு வேறு சீட்டு தயாரிக்க வேண்டும், இன்னும் பிடிபடவில்லை. கல்லூரிகளுக்கு இணைய வழியில் இதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் மின்னிதழ்களையும் நான் இந்தத் தடவை தொடவில்லை, லாகின் எண்ணிக்கை இருக்கிறது, லாகின் பண்ணியவர் கட்டுரையைப் படித்தாரா, கடவுச்சொல் மறந்து திரும்பினாரா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது, கேட் ரிஜிஸ்டர் கதையேதான்.

நிதித் திட்டம் பாதி பாஸ் ஆயிற்று, ஐந்தில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்காகக் குறைந்து. 4.2.4-க்குக் கேட்ட எண்ணைக் கேட்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன், 48.6-ஐயும் 65-ஐயும் இணைப்பாக வைத்தேன், ஐக்யூஏசி அதை வேறொரு ஃபைலுக்கு மாற்றிவிட்டது. துறைத் தலைவர் மேஜையிலிருந்த அந்த மூன்று புத்தகத்தில் இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவதுக்காக எழுதிய கடிதம் கையெழுத்துப் போட்டு என் டிராயரிலேயே இருக்கிறது, அவர்தான் இந்த வருஷம் நூலகக் கமிட்டியின் தலைவர்.